காரணம்: தொய்வு

வெள்ளவத்தை
11.02.1973

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு வராத கோபம் இன்னும் ஆறியிருக்காது என்று தெரியும். லீவு கேட்டேன், தரவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டாலும் கடிதத்தைக் கடைசிவரை வாசியுங்கள், இது ஒரு அலுவலாக எழுதுகிறேன்.

கொழும்பில் எங்கள் அரசாங்கக் கந்தோரில் ஒரு கணக்கெடுப்பு தொடங்கியிருக்கிறது. ஆட்கள் வேலைக்கு வராமல் நிற்கிற நாட்களால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று ஒவ்வொரு தொழிற்சாலையாகப் பார்க்கிறார்கள். எங்கள் பணிப்பாளர் அதோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார். புகை. ஆலை விடுகிற புகையால் ஆட்களுக்கு வரும் நோய் வருத்தம், மருந்துச் செலவு, கெட்டுப்போகிற பயிர், எல்லாவற்றையும் காசாக்கிக் கூட்டினால் ஒரு நாடு எவ்வளவு இழக்கிறது என்று அறிய வேண்டுமாம். சீமையில் படித்தவர். இலங்கையில் இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று சொல்கிறார். எங்கள் கந்தோரில் மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடக்கில் எந்த இடத்தைப் பார்க்கலாம் என்று கேட்டபோது, எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சூளையைச் சொன்னது நான்தான். அங்கே வேலை செய்கிற அத்தானை நினைத்துத்தான் சொன்னேன். விறகு விலை ஏறினதிலிருந்து முதலாளி பழைய லொறி ரயரும் கழிவு எண்ணெயும் போட்டுக் கடல் முருகைக்கல்லை எரிக்கிறார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அறிக்கையில் நட்டம் பெரிதாக வந்தால் ரயர் எரிப்பதைத் தடுக்கலாம், உயரமான புகைக்குழாய் வைக்கச் செய்யலாம் என்கிறார் பணிப்பாளர்.

இத்தோடு முப்பத்தொரு படிவம் அனுப்புகிறேன், ஆளுக்கு ஒன்று. சூளைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தால் மறைத்துவிடுவார். நீங்கள் ஒவ்வொருவரையும் கேட்டு, உங்கள் கையால் எழுதி, கையெழுத்தோ பெருவிரலோ வாங்கி அனுப்புங்கள். தமிழில் வருகிறதை இங்கிலீசில் மொழிபெயர்ப்பது என் வேலை. ஆகவே எல்லாம் என் கைக்குத்தான் வரும். புகையால் ஊருக்கு வேறு என்ன நட்டம் என்றும் தனித்தாளில் எழுதுங்கள்.

அத்தானையும் மீனலோசனியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி
ஐயாத்துரை


கரம்பொன்
25.02.1973

தம்பி ஐயாத்துரைக்கு,

லீவு கதையை நம்பினேன் என்று வைத்துக்கொள். பொங்கல் பானையில் உனக்கென்று அள்ளிவைத்ததை மாடு தின்றது.

நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்டிருக்கிறாய். நாடு எங்கள் வீட்டுப் பக்கம் எப்போது வந்துபோனது என்று எனக்குத் தெரியாது. வீட்டு நட்டத்தைச் சொல்கிறேன், நீ கூட்டிப் பார். காலையில் காயப்போட்ட சீலையை மத்தியானம் எடுத்தால் கறுப்புப் பொட்டுப் பொட்டாகக் கிடக்கிறது. திரும்பத் தோய்க்கச் சவுக்காரம் வேண்டும். சங்கக்கடைக்குச் சவுக்காரம் வந்தால் அன்றைக்கே முடிந்துவிடும், நான் போகிற நேரம் மனேச்சர் கையை விரிப்பார். முருங்கை பூக்கிறது, காய்ப்பதில்லை. மேற்கு வளவுக்காரர் புகையிலைக் கன்றை ஒவ்வொரு இலையாகத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார். மாடு புல்லை மணந்து பார்த்துவிட்டு அப்பால் போகிறது. கிணற்றுக்குத் தகரம் போட்டு மூடியிருக்கிறோம், மழை பெய்தால் கிணற்றுக்குள் ஒரு சொட்டு விழாது. பிள்ளையார் கோயிலுக்குத் தையில் வெள்ளையடித்தார்கள், மாசியில் சாம்பல் நிறம். சுண்ணாம்பு சுடுகிற ஊரில் கோயில் வெள்ளையாக நிற்கவில்லை என்று உன் பணிப்பாளருக்கு எழுது, அவர் சீமையில் படித்தவரென்றால் விளங்கும்.

படிவத்துக்குப் பத்து நாள் அலைந்தேன். முதலில் ஒருவனும் கை வைக்கவில்லை. சில்வெஸ்ரரைத் தெரியும்தானே, ஊர்காவற்றுறையிலிருந்து கடல் தொழிலை விட்டுவிட்டுச் சூளைக்கு வந்தவன். போன வருசம் நாற்பத்திரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கதிரையில் குந்தியிருந்து விடியவிடிய இழுப்பானாம், படுக்க ஏலாதாம். "அக்கா, இதிலை கையெழுத்து வைச்சால் எங்கட வேலைக்கு ஒண்டும் வராதோ?" என்று இரண்டு தரம் கேட்டான். "என்ரை தம்பியின்ரை கந்தோரடா, ஒண்டும் வராது" என்றேன். அவன் வைத்த பிறகுதான் யாக்கோப்பு வைத்தான். அதற்குப் பிறகு மற்றவர்கள்.

காரணம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டியிருந்தது. மூச்சு முட்டி இழுக்கிறதற்கு எங்கள் ஊரில் என்ன சொல்வோம்? தொய்வு. தொய்வு, தொய்வு என்று எழுதியே கை நொந்துவிட்டது.

உன் அத்தானுடைய படிவத்தைப் பார்த்துக் குழம்பாதே. வேலைக்கு வராத நாள்: இல்லை. வருத்தம்: இல்லை. முதலாவது உண்மை. இருமிக்கொண்டு போகிறார், இருமிக்கொண்டு வருகிறார், ஒரு நாளும் நின்றதில்லை. இரண்டாவதை ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மீனலோசனிக்குக் காரைநகரில் கலியாணம் பேசியிருக்கிறோம், ஆவணியில் வைக்கலாம் என்கிறார்கள். மாப்பிள்ளையின் தமையன் ஆசுப்பத்திரியில் மருந்து கலக்கிறவர். தகப்பனுக்குத் தொய்வு என்று ஒரு டொக்டர் வாய் திறந்தால் மறுநாள் அவர்கள் காதில் விழும். தொய்வுக் குடும்பத்தில் பெண் எடுப்பார்களா? ஆகவே உன் கணக்கெடுப்பு எப்படியும் போகட்டும், டொக்டர்மாரை மட்டும் இந்தச் சூளைப் பக்கம் அனுப்பிவிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா
பரிமளம்


வெள்ளவத்தை
18.03.1973

அன்புள்ள அக்காவுக்கு,

படிவங்கள் முப்பத்தொன்றும் வந்தன. உங்கள் தாளை நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன், பணிப்பாளர் நின்றபடியே வாசித்தார். மாடு புல்லை மணந்து பார்க்கிற இடத்தை இரண்டாந்தரமும் வாசித்தார். சவுக்காரத்தையும் கணக்கில் சேர்க்கலாம் என்றார். வீட்டுக்கு மாதம் இரண்டு கட்டி, எத்தனை வீடு, எத்தனை மாதம் என்று அங்கேயே பென்சிலால் பெருக்கினார். உங்கள் சீலையில் விழுந்த கரியை இந்த நாட்டில் ஒருவர் கணக்குப் பார்த்திருக்கிறார், அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சொல்லில் மட்டும் சிறு இடைஞ்சல் வந்தது. வருத்தத்தின் பேரை டொக்டர்தான் சொல்லலாம், டொக்டர் எழுதித் தந்த துண்டு இல்லாமல் அறிக்கையில் எழுத ஏலாது என்றார். துண்டு இல்லாவிட்டால் முப்பத்தொரு பேரையும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்து டொக்டரைக்கொண்டு பார்ப்பிக்க வேண்டுமாம். நீங்கள் எழுதியது எனக்கு நினைவிருந்தது. ஒருமாதிரிச் சமாளித்துவிட்டேன். டொக்டர் யாரும் வரமாட்டார். நீங்கள் கலியாண அலுவலைப் பாருங்கள்.

மீனலோசனிக்குக் கூறைச் சீலை இங்கே பார்க்கட்டுமா என்று எழுதுங்கள். என் பங்குக்கு அதுவாவது இருக்கட்டும்.

தம்பி
ஐயாத்துரை


கரம்பொன்
10.06.1973

ஐயாத்துரைக்கு,

கூறைச் சீலை பற்றிப் பிறகு பேசலாம். முதலில் இதை வாசி.

போன திங்கட்கிழமை உங்கள் கந்தோரிலிருந்து சூளைக்கு ஒரு கடிதம் வந்தது. இடைக்கால அறிக்கையாம். கணக்கப்பிள்ளை சூளைப் படலையடியில் நின்று அதை எல்லாருக்கும் கேட்கத் தமிழில் வாசித்தாராம். "தளர்ச்சி காரணமாக வேலைக்குச் சமுகமளிக்காதோர்" என்று ஒரு பட்டியல். தளர்ச்சி என்றால் என்ன என்று யாக்கோப்பு கேட்டானாம். "பஞ்சி, அலுப்பு, சோம்பல்" என்றாராம் கணக்கப்பிள்ளை. இப்படிச் சோம்பலால் நாட்டுக்கு ஏற்படும் நட்டத்தைக் குறைக்க நிருவாகம் நடவடிக்கை எடுக்கலாம் என்று கீழே எழுதியிருந்ததாம். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? கூடுதல் நாள் வராமல் நின்ற ஒன்பது பேரை அன்றைக்கே வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டார். அரசாங்கமே சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்று கையைத் தட்டிவிட்டார்.

சில்வெஸ்ரர் நேரே இங்கே வந்தான். முற்றத்தில் நின்றான், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "அக்கா, நான் சோம்பேறியோ? நீங்கள் சொல்லுங்கோ" என்றான். இழுத்து இழுத்துத்தான் அதையும் கேட்டான்.

நான் எழுதினது தொய்வு. என் கையால், என் எழுத்தால். முப்பது பேருக்கு முன்னால் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். இப்போது ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? தன் புருசனுடைய படிவத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டாளாம். தமக்கையும் தம்பியும் சேர்ந்து செய்த வேலையாம். நல்ல தண்ணீர் அள்ள எங்கள் கிணற்றுக்கு வந்த பெண்டுகள் ஒருத்தியும் இப்போது வருவதில்லை. மேரிஜோசப்பின், சில்வெஸ்ரரின் மனைவி, சந்தையில் என்னைக் கண்டு மற்றப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

உங்கள் கந்தோரில் எந்த மடையன் இதை மொழிபெயர்த்தான் என்று விசாரித்து எழுது. தமிழ் தெரியாத ஒருத்தனிடம் நீ கொடுத்திருக்கிறாய். அவன் பேரை எனக்குச் சொல்லு, இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டும்.

பரிமளம்


வெள்ளவத்தை
24.06.1973

அக்காவுக்கு,

அந்த மடையன் நான்தான்.

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்கமாட்டேன், எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும்.

மார்ச் மாதம் பணிப்பாளர் துண்டு கேட்டாரென்று எழுதினேனே, அன்று நடந்ததை முழுவதாக எழுதவில்லை. நான் முதலில் அந்த வருத்தத்தின் பேரைச் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். துண்டு இல்லாமல் வருத்தம் என்று எழுத ஏலாது என்றார். டொக்டரை அனுப்புவோம், ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு அத்தான் சட்டையைக் கழற்றிவிட்டு டொக்டருக்கு முன்னால் நிற்பது கண்ணில் தெரிந்தது. மீனலோசனியும் தெரிந்தாள். "வேண்டாம் ஐயா, அது வருத்தத்தின் பேரே அல்ல" என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டார். மேசையில் அகராதி இருந்தது. தொய்வு என்றால் கயிறு தொய்வது, உடம்பு தொய்வது, தளர்ச்சி. அதுவும் கருத்துத்தான், பொய்யில்லை. கொழும்பில் பிறந்த தமிழரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். தளர்ச்சி என்ற கருத்தில் இங்கிலீசில் எழுதினேன், அதுதான் திரும்பத் தமிழாகி உங்கள் சூளைக்கு வந்தது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தளர்ச்சி என்றால் உடம்பு ஏலாமை என்று எடுப்பார்கள் என நினைத்தேன். அது ஒரு கட்டத்துக்குள் கிடந்து இலக்கமாகிப் போய்விடும் என்று நினைத்தேன். சூளைக்குக் கடிதம் போகும் என்று எனக்குத் தெரியாது. இதெல்லாம் சாட்டு, எனக்குத் தெரிகிறது.

போன கிழமை பணிப்பாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நிறையக் கோபித்தார். பிறகு அறிக்கைத் தாள்களைத் திரும்பப் புரட்டினார். முழு அறிக்கை ஓகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதற்கு முன் ஒரு துண்டு கொண்டுவந்தால் சொல்லைத் திருத்தலாம் என்றார். ஒன்றே ஒன்று போதும். நிற்பாட்டப்பட்ட ஒன்பது பேருடைய துண்டு சரிவராது, வேலை போன பிறகு வாங்கியது என்பார்கள். இன்னும் சூளையில் நிற்கிற ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஒரு நாளும் லீவெடுக்காத ஒருவருக்கே நெஞ்சு கெட்டிருக்கிறது என்று டொக்டர் எழுதினால், மற்றவர்கள் சோம்பேறிகள் இல்லை என்று ஒரே வரியில் விளங்கிவிடும் என்றார்.

அவர் யாரைச் சொல்கிறார் என்று உங்களுக்கு விளங்கும். அத்தானை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. ஒன்பது பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அத்தானுக்கும் மருந்து கிடைக்கும். என்னை எவ்வளவு ஏசினாலும் ஏசுங்கள், இதை மட்டும் செய்யுங்கள்.

தம்பி
ஐயாத்துரை


கரம்பொன்
08.07.1973

ஐயாத்துரைக்கு,

உன்னை ஏசுவதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. டொக்டரை அனுப்பாதே என்று கும்பிட்டது நான். நீ தமக்கை சொல் கேட்ட தம்பி. இதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

உன் அத்தானிடம் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறட்டும். அதுக்குப் பிறகு எந்த டொக்டர் வேணுமெண்டாலும் பாக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. சில்வெஸ்ரரின் பிள்ளைகள் பசியிருக்கிறதை நினைக்காமல் சொல்கிறேன் என்று எண்ணாதே. நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். மீனலோசனிக்குத் தாய் நான் ஒருத்திதான், அவளுக்காக நினைக்க வேறு யாரும் இல்லை. ஆவணி முடியட்டும்.

இன்னொரு சங்கதி. முதலாளி எல்லாருக்கும் முன்னால் இவருடைய முதுகில் தட்டி, "ஏரம்புவைப் பாருங்கோடா, ஒரு நாள் தவறினவனோ" என்றாராம். நிற்பாட்டின ஒன்பது பேருக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை. இவரைச் சூளை வாய்க்குப் பொறுப்பாக விட்டிருக்கிறார். ரயர் தள்ளுகிற இடம் அதுதான். ஒரு ஆளின் முறை முடிந்ததும் மற்ற ஆளின் முறையையும் இவரே நிற்கிறார். வீட்டுக்கு வந்தால் மூக்குச் சிந்துகிறதெல்லாம் கறுப்பு. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்புகிறார். பாராட்டினவனுக்கு முன்னால் எப்படி ஏலாது என்று சொல்வது என்கிறார். ரோசமுள்ள மனிசன்.

கலியாணத்துக்கு நீ வராதே. தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்பது பேரில் ஒருவன் உன்னைக் கண்டு வாய் திறந்தாலும் காரைநகர்க்காரர் என்ன ஏது என்று கேட்பார்கள். பெரியப்பாவின் மகன் சிவபாதத்தை உன் இடத்தில் நிறுத்துகிறேன். லீவு தரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். சீலை வாங்கியிருந்தால் பாசலில் அனுப்பு.

அக்கா
பரிமளம்


வெள்ளவத்தை
12.08.1973

அன்புள்ள அக்காவுக்கு,

சீலை அனுப்பிவிட்டேன். அரக்கு நிறம். பிடிக்காவிட்டாலும் அவளிடம் மாமா அனுப்பினது என்று சொல்லுங்கள்.

அறிக்கை முப்பத்தோராம் திகதி அச்சுக்குப் போகிறது. அதற்குப் பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற ஏலாது. கலியாணம் இருபத்தாறு, நடுவில் ஐந்து நாள் இருக்கிறது. கலியாணத்துக்கு அடுத்த நாளே அத்தானை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போங்கள். காலை பஸ்ஸில் போனால் மத்தியானத்துக்குள் துண்டு கையில் கிடைக்கும். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. இரண்டு முறை நிற்பதை விடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இல்லை, நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

தம்பி
ஐயாத்துரை


கரம்பொன்
27.08.1973

தம்பிக்கு,

கலியாணம் குறையில்லாமல் முடிந்தது. சிவபாதம் உன் இடத்தில் நின்றான். உன் சீலைதான் கூறை. மீனலோசனிக்கு நல்ல எடுப்பாக இருந்தது. தாலி கட்டுகிற நேரம் அவள் தலையை நிமிர்த்திச் சனத்துக்குள் யாரையோ தேடினாள். யாரையென்று எனக்குத் தெரியும்.

உன் அத்தான் ஏலக்காயும் வெற்றிலையுமாக வாயை மூடிக்கொண்டு சமாளித்தார். இருமல் வரும்போதெல்லாம் குசினிக்குப் பின்னால் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரைநகர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. மேளச் சத்தமும் காப்பாற்றியது.

நீ எழுதினபடி இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று புறப்பட்டேன். முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். புதன்கிழமை சூளை பற்றவைக்கிறார்களாம், கல் அடுக்க வேண்டுமாம், பெரிய ஓடர் ஒன்று கொழும்பிலிருந்து வந்திருக்கிறதாம். இவர் போய்விட்டார். "கலியாணத்துக்கு மூண்டு நாள் லீவு தந்த மனிசன், இப்ப எப்பிடி மறுக்கிறது" என்கிறார். சூளை மூன்று நாள் எரியும், சனிக்கிழமை அணைந்துவிடும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நிச்சயமாகப் போகிறோம். அவர் வராவிட்டால் இழுத்துக்கொண்டு போவேன், அதற்கு எனக்குப் பலம் இருக்கிறது. துண்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அச்சுக்காரனை நாலு நாள் பொறுக்கச் சொல்லு. சில்வெஸ்ரருக்கும் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறேன், வேலை திரும்பக் கிடைக்குமென்று.

அக்கா
பரிமளம்


வெள்ளவத்தை
23.09.1973

அக்காவுக்கு,

அத்தானின் செத்த வீட்டில் நான் நின்ற மூன்று நாளும் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிவபாதம்தான் சொன்னார், சனிக்கிழமை காலை சூளை வாயடியில் குந்தினவர் எழும்பவில்லை என்று. கையில் தள்ளுகோல் இருந்ததாம். அத்தானுடைய முகத்தைக் கழுவியும் மூக்கடியில் கரி போகாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

அச்சுக்குப் போகவிருந்த அறிக்கைக் கட்டை நான் நாலு நாள் என் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன். நீங்கள் கேட்டபடி. துண்டு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது தந்தி. கட்டை ஒளித்ததற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள். அது பெரிய விசயமில்லை.

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் வேறு யாரும் சொல்லிக் கேட்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். ஆட்களின் தளர்ச்சியால் நாட்டுக்கு வருகிற நட்டம் என்று ஒரு பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். புகைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது. அதில் சவுக்காரம் இல்லை, முருங்கை இல்லை, மாடும் இல்லை. நாலு வரிதான் இருக்கிறது. இதே சூளையில், இதே புகைக்குள் ஒரு தொழிலாளி வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறார், அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆகவே ஆட்கள் வராமைக்குப் புகை காரணமாகாது. புகையால் ஏற்படும் நட்டம் குறிப்பிடத்தக்கதல்ல. இவ்வளவும்தான். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "என்னிடம் இருந்த காகிதம் இதுதான், ஐயாத்துரை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அத்தானின் பேர் அதில் இல்லை. ஒரு தொழிலாளி என்றுதான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வரவேண்டாம் என்றால் வரமாட்டேன்.

தம்பி
ஐயாத்துரை


கரம்பொன்
21.10.1973

தம்பிக்கு,

அந்தியேட்டி கீரிமலையில் முடிந்தது. நீ கேட்டிருந்தாய், நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் வா என்றுதான் எழுதியிருப்பேன், அதற்குப் பயந்து பேனையை எடுக்கவில்லை. மருமகன் கொள்ளிக்குடம் தூக்கின கையால் இதையும் செய்தார். நல்ல பொடியன். மீனலோசனி இரண்டு கிழமை என்னோடு நின்றுவிட்டுப் போனாள். தகப்பனுக்கு நெஞ்சு நோ இருந்ததை ஏன் தனக்கு மறைத்தேன் என்று கேட்டாள். அவளுடைய புருசனும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மாமி, எங்கட அப்பாவுக்கும் தொய்வுதான், ஊரெல்லாம் தெரியும்" என்றார். இதை எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை, தம்பி.

அறிக்கையில் நாலு வரி என்று எழுதியிருந்தாய். அந்த நாலு வரியை எழுதினது உன் பணிப்பாளரும் அல்ல, நீயும் அல்ல. வருத்தம்: இல்லை என்று எழுதினது என் கை. அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் இருமல் வரும் என்று இந்த உலகத்தில் எண்ணி வைத்திருந்தவள் நான் ஒருத்தி. நான் இல்லை என்று எழுதினால் நாடு என்ன செய்யும்? உன்னில் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். கோபம் இருக்கிறது, ஆனால் அதை எடுத்து உன்மேல் எறியப் போனால் என் கைதான் சுடுகிறது.

சூளை எரிகிறது. நேற்றும் சீலையில் பொட்டு. முதலாளி எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். திருப்பி அனுப்ப மனம் வந்தது, அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மேரிஜோசப்பின் வந்தாள். படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, குசினி வாசலில் எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். ஏசவந்திருக்கிறாள் என்று நினைத்தேன், ஏசட்டும் என்றும் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்வெஸ்ரர் திரும்பக் கடலுக்குப் போகிறானாம். சூளையை விட்டு இரண்டு மாதத்தில் இழுப்புக் குறைந்துவிட்டதாம். இப்போது பாயில் நீட்டி நிமிர்ந்து படுக்கிறானாம், குறட்டை விடுகிறானாம். நான் வேலை திரும்பக் கிடைக்கும் என்று ஆள்விட்டபோது அவன்தான் வேண்டாம் என்றானாம்.

"உங்கட தம்பி அப்பிடி எழுதினபடியால்தான் இவரை நிப்பாட்டினவங்கள், அக்கா. நிப்பாட்டினபடியால்தான் எனக்கு மனிசன் மிஞ்சினவர். அப்ப எனக்கு அது விளங்கேல்லை, உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிப்போட்டன்" என்றாள்.

அவள் குத்திச் சொல்லவில்லை, தம்பி. நான் முகத்தை நல்லாகப் பார்த்தேன். மனசார நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். உனக்கும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அக்கா
பரிமளம்